மாறுபாட்டுப் பகுப்பாய்வின் மூன்று வகைகள்: பாத்திகளின் எண்ணிக்கை சமமின்றிப் போகுமிடத்து

ஒரே வயலின் விளைச்சல் எண்களை இரண்டு கணிப்பொறி மென்பொருள்களில் இட்டுப் பார்ப்போர்க்குச் சில வேளைகளில் இரண்டு வெவ்வேறு முடிவுகள் கிடைப்பதுண்டு. ஒரு பட்டியல், சோதனைக்கு எடுத்துக்கொண்ட இரு நெல் ரகங்களுக்கிடையே பொருளுடைய வேறுபாடு இருப்பதாகக் காட்டும். மற்றொன்று அவ்வாறு ஏதுமில்லை எனக் காட்டும். எண்கள் சரியாகவே பதியப்பெற்றிருக்கும். மென்பொருள்களிலும் பிழை இராது. இந்நிலையில் எந்த ரகத்தை உழவர்க்குப் பரிந்துரைப்பது எனக் களப்பணியாளர் திகைப்பது இயல்பே. பரிந்துரையை நம்பி விதை வாங்கும் உழவர் தமது ஒரு பருவத்தையே அதன்மேல் வைக்கின்றார் ஆதலின், இதனை வெறும் கணக்கு நுட்பமென்று தள்ளிவிடுதற்கில்லை.

இவ்வேறுபாட்டின் காரணம் எளிது. மென்பொருள்கள் இரண்டும் ஒரே வினாவிற்கு விடை தருவன அல்ல. வினாவைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் ஆராய்ச்சியாளர். அவர் தேர்ந்தெடுக்காவிடில், பொறி தனக்கென முன்னரே வகுக்கப்பட்ட வழியை மேற்கொண்டு, ஒரு வினாவைத் தானே தேர்ந்துகொள்ளும். அவ்வினாக்கள் யாவை, அவற்றுள் எது நமக்கு உரியது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்கத்தாவில் வேரூன்றிய முறை

மாறுபாட்டுப் பகுப்பாய்வு இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றியது. அங்கு ரொனால்டு ஃபிஷர் உருளைக்கிழங்கு ரகங்களின் உரச் சோதனையொன்றை மெக்கன்சி என்பாருடன் ஆராய்ந்து, 1923ஆம் ஆண்டில் இம்முறையில் அமைந்த முதற் பட்டியலை வெளியிட்டார். இதன் கருத்து இதுவே: வயலின் எல்லாப் பாத்திகளிலும் விளைச்சல் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேற்றுமை முழுவதையும் ஓர் எண்ணாகத் திரட்டி, அதில் ரகத்தால் நேர்ந்தது எவ்வளவு, உரத்தால் நேர்ந்தது எவ்வளவு, காரணம் கூற இயலாத பிழையாக எஞ்சியது எவ்வளவு எனப் பங்கிடுகின்றோம். சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வருவது வர்க்கக் கூடுதல். பங்கிடப்படுவது இந்த வர்க்கக் கூடுதலே.

இந்தியாவில் இம்முறை பரவியதற்குக் கல்கத்தா நகரமே வாயிலாயிற்று. பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், 1920களின் நடுவிலேயே வயற் சோதனைகளின் பிழையைக் குறித்து ஆராயத் தொடங்கி, அவ்வழியே ஃபிஷருடன் தொடர்பு கொண்டார். அக்கல்லூரியில் அவர் நடத்திய சிறு புள்ளியியற் கூடத்திலிருந்து 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. 1933இல் ‘சங்க்யா’ என்னும் ஆராய்ச்சி இதழும் தொடங்கியது. நிறுவனம் இன்று நகரின் வடக்கே பராநகரில், பாரக்பூர் டிரங்க் சாலையில் அமைந்துள்ளது.

களப்பணியாளர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று அக்காலத்தைச் சேர்ந்தது. ஃபிஷரின் முறைப்படி, இரண்டு மாறுபாட்டளவுகளின் விகிதத்திற்கு இயற்கை மடக்கை கண்டு, அதில் பாதியை எடுத்துப் பட்டியலுடன் ஒப்பிடல் வேண்டும். இந்திய வேளாண் நிலையங்களில் பணிபுரிந்தோர் பலர்க்கு இயற்கை மடக்கை பழக்கமானதன்று. ஆதலின் மகாலனோபிஸ், வேளாண் பணியாளர்க்கெனத் தாம் எழுதிவந்த புள்ளியியற் குறிப்புகளின் வரிசையில், மடக்கையின்றி விகிதத்தையே நேராக ஒப்பிடுதற்குரிய துணைப் பட்டியல்களை 1932இல் வெளியிட்டார். அமெரிக்கரான ஸ்னெடெகர் 1934இல் அவ்விகிதத்திற்கு ஃபிஷரின் பெயரின் முதலெழுத்தைச் சூட்டினார். இன்று ஒவ்வொரு மென்பொருளும் அச்சிடும் ‘எஃப்’ என்னும் எண் அதுவே. பணியாளரின் இடர்ப்பாட்டை எண்ணிச் செய்த அச்சிறு மாற்றத்தின் பயனை நாம் நாள்தோறும் நுகர்கின்றோம்; செய்தவரை நினைப்போர் சிலரே.

பாத்திகள் குறைபடும்போது

ஒவ்வொரு ரகமும் ஒவ்வோர் உர அளவுடனும் சம எண்ணிக்கையான பாத்திகளில் பயிரிடப்பட்டு, எல்லாப் பாத்திகளும் அறுவடை வரை நிலைத்திருந்தால், பங்கீட்டில் ஐயத்திற்கு இடமில்லை. எந்த மென்பொருளும் எந்த வகையிலும் ஒரே விடையைத் தரும். ஆயின் வயல் நம் விருப்பப்படி நடப்பதில்லை. கால்நடை மேய்ந்துவிடும், எலி வெட்டிவிடும், வெள்ளம் ஒரு மூலையை அழித்துவிடும், களத்துமேட்டில் இரு பாத்திகளின் கதிர்க்கட்டுகள் ஒன்றாய்க் கலந்துவிடும்.

கடைசியாகக் கூறிய இடையூறு கல்கத்தா அறிஞர்களின் கருத்தை ஈர்த்தது. இரண்டு அல்லது மேற்பட்ட பாத்திகளின் விளைச்சல் கலந்துபோய், கூட்டுத்தொகை மட்டும் தெரிந்திருப்பின், தனித்தனி விளைச்சலை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதை ராஜ் சந்திர போஸும் மகாலனோபிஸும் 1938இல் ‘சங்க்யா’ இதழில் ஆராய்ந்தனர். அதே நிறுவனத்தைச் சேர்ந்த கே. ஆர். நாயர், பல பாத்திகள் அழிந்தோ கலந்தோ போனவிடத்துப் பின்பற்றத்தக்க வழியை 1940இல் தந்தார். வெளிநாட்டில், ஃபிஷரைத் தொடர்ந்து ராதாம்ஸ்டெட்டில் புள்ளியியல் துறையை நடத்திய ஃபிராங்க் யேட்ஸ், எண்ணிக்கை சமமில்லாத வகுப்புகளைப் பகுத்தாய்வதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை 1934இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். கால்யம்புடி ராதாகிருஷ்ண ராவ் 1955இல் ‘சங்க்யா’வில் எழுதிய நீண்ட கட்டுரை, கட்டங்களில் எண்ணிக்கை சமமின்றியுள்ள பல்வகைத் தரவுகளைப் பற்றியது. சாதாரண முறையில் நேர்மாறு காண இயலாத அணிக்கு ஒருவகை நேர்மாறு கண்டு கணக்கை முடிக்கும் வழியை அவர் அதில் கையாண்டார். பொதுமைப்படுத்தப்பட்ட நேர்மாறு எனப்படும் அக்கருத்து, சாஸ் போன்ற மென்பொருள்களின் உள்ளுறுப்பாக இன்று இயங்குகின்றது.

இந்தியாவிற்கு வந்த முதல் மின்னணுக் கணிப்பொறி எனப்படும் எச்.இ.சி.-2எம், 1955-56இல் அந்நிறுவனத்தில்தான் நிறுவப்பெற்றது. அதற்குமுன் இக்கணக்குகள் யாவும் மேசைக் கணக்கிடு பொறியைக் கையாற் சுழற்றிச் செய்யப்பட்டவை. அவ்வாறு செய்தவர்க்கு ஒரு நன்மை இருந்தது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணைக் கழிக்கின்றோம் என்பதை அவர் தம் கையாலேயே அறிந்திருந்தார். இன்று ஒரு பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வந்துவிடுகின்றது. கழித்தல் எங்கே நடந்தது என்பது கண்ணிற் படுவதில்லை. ஆதலின் ஒரு முறையேனும் கையாற் செய்து பார்த்தல் நலம். கீழ்வரும் கணக்கைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு பாடவேளையில் கரும்பலகையில் முடித்துவிடலாம்.

எட்டுப் பாத்திகளின் கணக்கு

விளக்கத்திற்கெனப் புனைந்துகொண்ட சோதனை இது. இரண்டு நெல் ரகங்கள். தழைச்சத்து உரம் குறைவு, மிகுதி என இரண்டு அளவுகள். நான்கு சேர்க்கைகளுக்கும் மும்மூன்றாகப் பன்னிரண்டு பாத்திகள் இடப்பட்டன. நான்கு பாத்திகளைக் கால்நடை அழித்துவிட்டது. எஞ்சிய எட்டின் விளைச்சல், கிலோ அளவில் வருமாறு:

முதல் ரகம், குறைந்த உரம்: 22
முதல் ரகம், மிகுந்த உரம்: 30, 32, 34
இரண்டாம் ரகம், குறைந்த உரம்: 21, 23, 25
இரண்டாம் ரகம், மிகுந்த உரம்: 33

முதல் ரகத்தின் நான்கு பாத்திகளின் சராசரி 29.5, இரண்டாம் ரகத்தின் சராசரி 25.5. இவ்வளவோடு நிறுத்தினால் முதல் ரகம் 4 கிலோ மிகுதியாக விளைந்தது என்போம். இனி உர அளவுகளைப் பிரித்து நோக்குக. குறைந்த உரத்தில் முதல் ரகம் 22, இரண்டாம் ரகம் சராசரியாக 23. மிகுந்த உரத்தில் முதல் ரகம் சராசரியாக 32, இரண்டாம் ரகம் 33. இரண்டிடத்தும் இரண்டாம் ரகமே 1 கிலோ மேம்பட்டு நிற்கின்றது! முதல் ரகத்தில் எஞ்சிய நான்கு பாத்திகளுள் மூன்று மிகுந்த உரம் பெற்றவை. இரண்டாம் ரகத்தில் ஒன்றே அவ்வுரம் பெற்றது. உரத்தின் பயன் ரகத்தின் கணக்கில் ஏறிவிட்டது என்பது தெளிவு.

இப்போது பட்டியலைக் காண்போம். எட்டு எண்களின் மொத்த வர்க்கக் கூடுதல் 198. ஒரே கட்டத்தினுள் உள்ள பாத்திகளின் வேற்றுமையாகிய பிழை 16. அதற்குரிய கட்டின்மைக் கூறு, அதாவது எட்டுப் பாத்திகளிலிருந்து நான்கு கட்டச் சராசரிகளைக் கழித்த எண், 4; ஆகவே பிழையின் சராசரி வர்க்கம் 4. ரகமும் உரமும் ஒன்றையொன்று மாற்றிவிடும் இடைவினை இங்குச் சுழி. எஞ்சிய 182 ரகத்திற்கும் உரத்திற்கும் உரியது. அதனைப் பங்கிடுவதில்தான் சிக்கல்.

ரகத்தை முதலில் வைத்து, உரத்தைப் பின்னர்ச் சேர்த்தால், ரகத்திற்கு 32, உரத்திற்கு 150. ரகத்தின் எஃப் விகிதம் 32ஐ 4ஆல் வகுக்க வரும் 8. நூற்றுக்கு ஐந்து என்னும் மட்டத்தில் பட்டியல் மதிப்பு 7.71 ஆதலின், ரக வேறுபாடு பொருளுடையது என முடிவாகும். உரத்தை முதலில் வைத்து, ரகத்தைப் பின்னர்ச் சேர்த்தால், உரத்திற்கு 180.5, ரகத்திற்கு 1.5 மட்டுமே. எஃப் விகிதம் 0.375, வேறுபாடு உண்டென்று கூற இடமில்லை. எண்கள் அவையே, மென்பொருளும் அதுவே, காரணிகளை எழுதிய வரிசை ஒன்றே மாறியது.

வகைகளின் பொருள்

மேற்கண்டவாறு காரணிகளை ஒன்றன்பின் ஒன்றாக, எழுதிய வரிசைப்படி சேர்த்து, ஒவ்வொன்றும் தனக்கு முன்னின்றவற்றின் பங்கு போக எஞ்சியதை எவ்வளவு விளக்குகின்றது எனக் கேட்பது முதல் வகை எனப்படும். வகைகளுக்கு எண்ணிட்டு வழங்கும் வழக்கம் 1970களில் சாஸ் மென்பொருளால் நிலைபெற்றது. முதல் வகையின் கூறுகளைக் கூட்டினால் மொத்தம் சரியாக வரும் என்பது அதன் அழகு. ஆனால் அவ்வழகிற்கு விலை உண்டு: முதலில் நிற்பது மற்றதன் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றது.

இதனால் முதல் வகை பயனற்றதென்று கொள்ளலாகாது. இயற்கையான வரிசை உள்ளவிடத்து அதுவே தக்கது. தழைச்சத்தின் அளவு கூடக்கூட விளைச்சல் நேர்கோடாக உயர்கின்றதா, பின்னர் வளைகின்றதா என ஆராயும்போது நேர்கோட்டுக் கூறு முன்னும் வளைவுக் கூறு பின்னும் வருதல் முறை. அவ்வாறே வயலின் தொகுதிகளை முதலில் வைத்து அவற்றின் வேற்றுமையை நீக்கிய பின் ரகத்தை நோக்குவதும் முறையே. வரிசைக்குக் காரணம் இருத்தல் வேண்டும் என்பதே செய்தி.

இரண்டாம் வகையில், ஒவ்வொரு முதன்மைக் காரணியும் மற்ற முதன்மைக் காரணிகள் யாவற்றிற்கும் பின்னர் வைத்துப் பார்க்கப்படுகின்றது. அக்காரணி பங்கேற்கும் இடைவினை மட்டும் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. நம் எட்டுப் பாத்திகளில் ரகத்திற்கு 1.5, உரத்திற்கு 150 எனக் கிடைக்கும். எழுதும் வரிசை எதுவாயினும் விடை மாறாது. இவற்றுடன் பிழை 16ஐக் கூட்டினால் 167.5 வரும், மொத்தமாகிய 198க்கு 30.5 குறைகின்றது. மாணவர் இதனைக் கண்டு கணக்கு தவறென்பர். தவறன்று. அந்த 30.5 ரகத்தினுடையதா உரத்தினுடையதா என்று இத்தரவினால் பிரித்தறிய இயலாத பங்கு. முதல் வகை அதனை முன்னின்றவர்க்கே வழங்கிவிட்டது. இரண்டாம் வகை ஒருவர்க்கும் வழங்காமல் நிறுத்திவைத்தது.

மூன்றாம் வகை, இடைவினையையும் உட்படுத்தி, எல்லாவற்றிற்கும் பின்னர் ஒவ்வொரு காரணியையும் நோக்குவது. எட்டுப் பாத்திக் கணக்கில் இடைவினை இல்லாமையாலும், எண்ணிக்கைகள் ஒன்றற்கொன்று எதிரொத்து அமைந்தமையாலும், மூன்றாம் வகையும் 1.5 என்றே கூறும். இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாட்டை உணர வேறொரு கணக்கு வேண்டும்.

இரண்டு ரகங்களை வண்டல் மண்ணில் ரகத்திற்கு ஆறு பாத்தியாகவும், களிமண்ணில் ரகத்திற்கு இரண்டு பாத்தியாகவும் பயிரிட்டோம் என்று கொள்க. வண்டலில் இரண்டாம் ரகம் 2 கிலோ மேம்பட்டது. களிமண்ணில் அதே ரகம் 6 கிலோ தாழ்ந்தது. பிழையின் சராசரி வர்க்கம் 4, கட்டின்மைக் கூறு 12 என வைத்துக்கொள்வோம். அதற்குரிய பட்டியல் மதிப்பு 4.75. இரண்டாம் வகை ஒவ்வொரு மண்ணின் வேறுபாட்டிற்கும் அங்குள்ள சான்றின் வலிமைக்கேற்ப எடை தருகின்றது. இரு ரகங்களின் பாத்தி எண்ணிக்கைகளைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வருவது அந்த எடை: வண்டலுக்கு 3, களிமண்ணுக்கு 1. மூன்று மடங்கு 2இலிருந்து 6ஐக் கழித்தால் சுழி. ஆகவே ரகங்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று இரண்டாம் வகை கூறும். மூன்றாம் வகை பாத்திகளின் எண்ணிக்கையைக் கருதாமல் இரு மண்ணையும் சரிநிகராக நிறுத்துகின்றது. 2இற்கும் கழித்தல் 6இற்கும் சராசரி கழித்தல் 2. அதாவது இரண்டாம் ரகம் 2 கிலோ தாழ்ந்தது. அதன் வர்க்கக் கூடுதல் 12, எஃப் விகிதம் 3.

இவ்விரண்டில் எது சரி? இவ்வினாவை ஒட்டி அறிஞர்களிடையே நெடுங்காலம் வாதம் நடந்துள்ளது. யேட்ஸுக்குப் பின் ராதாம்ஸ்டெட் புள்ளியியல் துறைக்குத் தலைமை தாங்கிய ஜான் நெல்டர், இடைவினை உண்டென்று ஏற்றுக்கொண்ட பின் அதற்குட்பட்ட முதன்மைக் காரணிக்குத் தனிச் சோதனை நடத்துவது பொருளற்றது என உறுதியாகக் கூறினார். மூன்றாம் வகையை ஆதரிப்போர், பாத்திகளின் எண்ணிக்கை தற்செயலாய் அமைந்ததாயின் அது விடையைப் பாதிக்கலாகாது என்பர். நம் கணக்கில் இடைவினையின் வர்க்கக் கூடுதல் 48, எஃப் விகிதம் 12. அது மறைக்க இயலாதவாறு வெளிப்பட்டு நிற்கின்றது. இங்கு வண்டல் நிலத்து உழவர்க்கு ஒரு பரிந்துரையும் களிமண் நிலத்து உழவர்க்கு வேறொரு பரிந்துரையும் தேவை. இரண்டையும் சராசரியாக்கிச் சொல்லும் ஒற்றை விடை எவருடைய வயலுக்கும் பொருந்தாது. இவ்விடத்தில் நெல்டரின் பக்கமே நியாயம் மிகுதி என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இடைவினை புறக்கணிக்கத்தக்க அளவே உள்ளதாயின், காரணியின் விளைவைக் கண்டறியும் ஆற்றல் இரண்டாம் வகைக்கே மிகுதி. ஆதலின் பொதுவான வயற்பணிக்கு அதனை முதலில் நாடலாம்.

ஒரு சேர்க்கைக்குரிய கட்டம் முழுவதும் காலியாகிவிடின் நான்காம் வகை என ஒன்று சாஸ் மென்பொருளில் உண்டு. அதன் விடை எந்தக் கட்டங்களை ஒப்பிட்டது என்பதைப் பொறுத்து மாறக்கூடியது. காலிக் கட்டம் உள்ளவர்கள் பட்டியலை நம்புவதைவிட, எஞ்சிய கட்டங்களுள் எவற்றை ஒப்பிட வேண்டுமெனத் தாமே குறித்துக்கொண்டு ஒப்பிடுதல் மேல்.

மென்பொருள்கள் தாமே மேற்கொள்ளும் வழி

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் பொது நேரியல் மாதிரிப் பகுதி, நாம் ஒன்றும் குறிப்பிடாவிடில், மூன்றாம் வகையை அச்சிடும். சாஸின் அதுபோன்ற பகுதி முதல் வகையையும் மூன்றாம் வகையையும் அடுத்தடுத்து அச்சிடும். இரண்டு பட்டியல்களில் தமக்கு இசைந்ததை மட்டும் எடுத்தெழுதும் ஆசையை அடக்க வேண்டியவர் பயன்படுத்துவோரே. விலையின்றிக் கிடைக்கும் ஜாஸ்ப், ஜமோவி ஆகியவையும் மூன்றாம் வகையையே முன்வைக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் தொடங்கிய ஆர் என்னும் மென்பொருள் முதல் வகையைத் தருவது. ஒரே எண்கள் இரண்டு நிலையங்களில் இரண்டு முடிவுகளைத் தருவது பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது.

ஆர் மென்பொருளைக் கையாள்வோர் இரண்டு இடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். முதலாவது, பெயர் ஒற்றுமை. சிற்றெழுத்தில் தொடங்கும் ‘அனோவா’ என்னும் கட்டளை முதல் வகையைத் தரும். ஜான் ஃபாக்ஸ் முதலானோர் இயற்றிய கார் என்னும் துணைத்தொகுப்பில் பேரெழுத்தில் தொடங்கும் ‘அனோவா’ என்னும் கட்டளை, ஒன்றும் குறிக்காவிடில், இரண்டாம் வகையைத் தரும். ஓரெழுத்தின் உருவம் மாறினால் வினாவே மாறிவிடுகின்றது.

இரண்டாவது இதனினும் நுண்ணியது. கார் தொகுப்பில் மூன்றாம் வகையைக் கேட்டுப் பெற்றாலும் அது உண்மையான மூன்றாம் வகையாய் இராமற் போகலாம். ஆர், வேறு கட்டளை இல்லாதவிடத்து, ஒவ்வொரு காரணியின் மட்டங்களுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடும். அகரவரிசையில் முதலில் வருவதே அடிப்படையாகும். நம் மண் சோதனையில் ‘களி’, ‘வண்டல்’ எனத் தமிழில் எழுதினும், ‘கிளே’, ‘லோம்’ என ஆங்கில எழுத்தில் பதிந்தாலும், களிமண்ணே முன் நிற்கும். அந்நிலையில் ரகம் என்ற வரியில் அச்சாவது களிமண்ணில் மட்டும் கண்ட 6 கிலோ வேறுபாட்டின் சோதனை: வர்க்கக் கூடுதல் 36, எஃப் விகிதம் 9. இது 4.75ஐக் கடந்து நிற்பதால், பொருளுடைய ரக வேறுபாடு என அறிக்கையில் ஏறிவிடும். உண்மையான மூன்றாம் வகையோ 12உம் 3உம் தந்து, பொருளுடையதன்று என்கின்றது. நான்கே பாத்திகளின் செய்தி வயல் முழுவதின் செய்தியாக உருமாறுதல் இவ்வாறு! இதனைத் தவிர்க்க, மாதிரியைப் பொருத்துவதற்கு முன்னரே, ஒவ்வொரு காரணியின் குறியீடுகளும் கூட்டினால் சுழியாகும்படி அமைக்குமாறு கட்டளை இடல் வேண்டும். அதற்குரிய கட்டளையின் பெயர் ‘கான்ட்ர்.சம்’. பைத்தான் மொழியின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் தொகுப்பைப் பயன்படுத்துவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். சாஸிலும் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸிலும் இவ்விடர் இல்லை.

பெரும்பாத்தியில் நீர்ப்பாசன முறையும் அதனுள் சிறுபாத்திகளில் ரகமும் வைக்கும் பிரிபாத்திச் சோதனைகளில் வகையைவிட முதன்மையானது பிழை. பாசன முறைக்குப் பெரும்பாத்திகளின் பிழையும், ரகத்திற்குச் சிறுபாத்திகளின் பிழையும் உரியவை. இதனைப் பொறிக்கு எடுத்துக் கூறாவிடில், எல்லாவற்றையும் ஒரே பிழையால் வகுத்துவிடும். பாசன முறைகளுக்கிடையே இல்லாத வேறுபாடு இருப்பதுபோல் தோன்றும். அத்தகைய சோதனைகளில் பாத்திகளும் அழிந்துபோயின், கலப்பு மாதிரி என்னும் முறையை நாடுதலே தக்கது. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

அழிவின் காரணம்

மேற்கூறிய வகைகள் யாவும் ஓர் எண்ணத்தின்மேல் நிற்கின்றன: பாத்திகள் அழிந்தமைக்கும் அவற்றில் இட்ட ரகத்திற்கோ உரத்திற்கோ தொடர்பில்லை என்பதே அது. கால்நடை வேலியின் திறப்பு இருந்த பக்கத்தில் மேய்ந்தது எனில் அவ்வெண்ணத்தை ஏற்கலாம். தழைச்சத்து மிகுந்த பாத்திகளில் பயிர் உயர்ந்து வளர்ந்து, காற்றில் சாய்ந்து, நீரில் அழுகிப்போனது எனில் ஏற்கவியலாது. அங்கு இழப்பே உரத்தின் விளைவு. சாய்ந்த பாத்திகளை நீக்கிவிட்டு நிமிர்ந்து நின்றவற்றை மட்டும் கணக்கிட்டால், மிகுந்த உரம் தன் குற்றத்தை மறைத்துக்கொண்டு நற்பெயர் பெறும். இக்குறையை முதல் வகை முதலாக எவ்வகையும் தீர்க்காது. களக்குறிப்பேட்டில் ‘பாத்தி நீக்கப்பட்டது’ என்று எழுதுவதோடு நில்லாமல், எதனால், எந்நாளில், பயிரின் எந்தப் பருவத்தில் அழிந்தது என எழுதி வைத்திருந்தால் மட்டுமே இதனைப் பின்னர் அறிய முடியும். அதை எழுதத்தக்கவர் வயலில் நின்ற பணியாளர் ஒருவரே.

1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிற்கு ஃபிஷர் தலைமை தாங்கினார். சோதனை முடிந்த பின் புள்ளியியலாரை அணுகுவது பிணப் பரிசோதனைக்கு அழைப்பதை ஒக்கும் என்ற கருத்தை அவர் அங்கு வெளியிட்டார். இன்றைய மென்பொருள்களுக்கும் அது பொருந்தும். எவ்வகையைக் கையாள்வது, இடைவினை வெளிப்பட்டால் என் செய்வது என்பவற்றை விதைப்புக்கு முன்னரே திட்டக் குறிப்பில் எழுதி வைத்தல் கூடும். பல பட்டியல்களை அச்சிட்டுப் பார்த்த பின் தேர்ந்தெடுத்தால், நூற்றுக்கு ஐந்து என்னும் மட்டத்திற்கு உரிய பொருள் அழிந்துவிடும்.

அறிக்கையிலோ, எஃப் விகிதத்தை மட்டும் தருவது போதாது. எட்டுப் பாத்திச் சோதனைக்கு உரிய குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: “பன்னிரண்டு பாத்திகளுள் நான்கு கால்நடையால் அழிந்தன, முதல் ரகம் குறைந்த உரத்தில் இரண்டும், இரண்டாம் ரகம் மிகுந்த உரத்தில் இரண்டும். எஞ்சிய எட்டும் ஆர் மென்பொருளில், கார் தொகுப்பின் துணையுடன், இரண்டாம் வகைப்படி ஆராயப்பெற்றன. இடைவினை காணப்படவில்லை. உர வேறுபாட்டின் எஃப் விகிதம் 37.5, பட்டியல் மதிப்பு 7.71. ரக வேறுபாட்டின் எஃப் விகிதம் 0.375. ஒரே உர அளவில் இரண்டாம் ரகம் 1 கிலோ மேம்பட்டுக் காணப்பட்டது. அது பிழையின் எல்லைக்கு உட்பட்டதே.” இதனுடன் நான்கு கட்டங்களின் பாத்தி எண்ணிக்கையையும் சராசரியையும் ஒரு சிறு பட்டியலாகச் சேர்த்துவிட்டால், வேறொரு நிலையத்தில் வேறொரு மென்பொருளை வைத்திருப்பவரும் கணக்கின் அடிப்படையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.